சாந்திவனமும் அருணாசலமும்: இரு துறவியரின் பிணக்கும் அன்பும்

கிறித்தவ அன்பைப் பேசுவோர் பெரும்பாலும் பகைவரை மன்னிப்பதையே எடுத்துக்காட்டுவர். ஒரே ஆசிரமத்தில் வாழும், நல்லவரே ஆயினும் ஒத்துவராத ஒருவரை நேசிப்பது அதனினும் அரிது. அதற்குத் தமிழகத்தில் அமைந்த சான்று, சாந்திவனத்தை நிறுவிய இருவரின் உறவாகும்.

பிரான்சின் லியோன் மறைமாவட்டக் குருவான ழூல் மொன்ஷானென் (1895–1957) 1939இல் இந்தியா வந்தார். பெனடிக்ட் சபைத் துறவி ஆன்ரி ல சோ (1910–1973) 1948இல் அவரோடு இணைந்தார். 1950 மார்ச்சில் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கப்பெற்றது. முன்னவர் பரம அரூபி ஆனந்தம் எனவும் பின்னவர் அபிஷிக்தானந்தர் எனவும் பெயர் பூண்டனர்.

பிணக்கு திருவண்ணாமலையில் வேர்கொண்டது. 1949 ஜனவரியில் ரமணரைக் காண இருவரும் சேர்ந்தே சென்றனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 1952 முதல் அபிஷிக்தானந்தர் அருணாசலக் குகைகளில் பலமுறை தனித்துத் தங்கினார். அத்வைத அனுபவம் அவரை ஆட்கொண்டது. மொன்ஷானெனோ, மூவொரு கடவுள் நம்பிக்கைக்கும் அத்வைதத்திற்கும் இடையிலான பிளவை எளிதில் கடக்கவியலாது என்ற முடிவில் மேன்மேலும் உறுதிப்பட்டார்.

இவ்வுறவை அறிய மூன்று பனுவல்களை அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். இருவர் பெயரிலும் பிரெஞ்சில் 1956இல் வெளிவந்த ஆசிரம நூலில் பிணக்கின் சுவடு இல்லை. மொன்ஷானென் மறைந்தபின் 1959இல் அபிஷிக்தானந்தர் தொகுத்த நினைவு மலரிலும் இல்லை. 1986இல் அச்சேறிய நாட்குறிப்போ, கடிதங்களுடன் சேர்த்துப் படிக்கும்போது, தோழரின் நடைமுறைத் திறனின்மை மீதும் தயக்கங்கள் மீதும் அவர் கொண்ட பொறுமையின்மையைக் காட்டுகிறது. இதனால் மலரை ஒப்புக்கு எழுதிய புகழுரை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அது பொருந்தாது. மொன்ஷானென் தம் வாழ்நாளில் மிகக் குறைவாகவே எழுதி வெளியிட்டவர். தம்மோடு முரண்பட்டவரின் சிந்தனைகளைத் திரட்டி, அவர் குரலிலேயே காத்த உழைப்பே அங்கு அன்பின் வடிவம்.

மலரின் மௌனத்தில் குறையும் உண்டு. அது அபிஷிக்தானந்தரின் கடினத்தையும் மறைத்துவிடுகிறது. நிலையாகத் தங்கும் சீடர் எவரும் வாய்க்காத ஆசிரமத்தில், உடல்நலம் குன்றிய மூத்தவரைத் தனியே விட்டு மலைக்குச் சென்றவர் அவரே. வரலாறு எழுதியோர் மொன்ஷானெனைத் தடையாகவே காண்பது, எஞ்சிய பக்கங்களில் மிகுதி மற்றவர் எழுதியவை என்பதாலும் இருக்கலாம். பொறுத்தவர் எவர், பொறுக்கப்பட்டவர் எவர் என்பது அத்துணை தெளிவன்று.

உடன் துறவியரின் உடற்குறையையும் குணக்குறையையும் பொறுத்தலைப் பெனடிக்டின் ஒழுங்குநூல் 72ஆம் அதிகாரத்தில் கடமையாக்குகிறது. குறளின் ‘பழைமை’ அதிகாரமும் நண்பர் பிழை பொறுத்தலையே பேசுகிறது. எனினும் குறளில் பொறுமைக்கு அடிப்படை நெடுநாள் பழகிய உரிமை. இங்கு இருவரும் சேர்ந்து வாழ்ந்தது ஏறத்தாழ ஏழாண்டுகளே. உரிமையின் இடத்தில் நின்றது, ஒரே அழைப்பை ஏற்றோம் என்னும் நம்பிக்கை.

மொன்ஷானென் 1957 அக்டோபரில் பாரிசில் இறந்தார். அபிஷிக்தானந்தரின் நாட்டம் அதன்பின் இமயத்தை நோக்கித் திரும்பியது. ஆயினும் 1968இல் பீட் கிரிஃபித்சிடம் ஒப்படைக்கும் வரை, சாந்திவனத்தின் பொறுப்பை அவர் விட்டுவிடவில்லை.