செல்லாக்காசின் கணக்கு

நாணயம் சேர்ப்போர் சங்கங்கள் பெரும்பாலும் ராஜாக்களையே தேடின. 1910-இல் அலகாபாத்தில் தோன்றிய இந்திய நாணயவியல் கழகமும் அந்த வழியில்தான் நடந்தது. கடை டோக்கன், மில் வில்லை, பதக்கம் எல்லாம் ஓரத்தில் கிடந்தன. 1960-இல் அமெரிக்காவில் டோக்கன், பதக்கம் சேர்ப்போர் தனிச் சங்கமே கண்டார்கள், இதழும் நடத்தினார்கள். 'செல்லாக்காசு'ன்னு தள்ளியதற்குச் சரித்திரத்தில் இடம் கேட்ட அந்தத் துணிவு பாராட்டத்தக்கது.

ஆனால் இத்துறையின் பட்டியல்களில் ஒரு குறை உண்டு. இலங்கை நாணயங்களோடு டோக்கன்களையும் சேர்த்து லோஸ்லி 1895-லேயே எழுதினார். கொழும்பு ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் வேகந்த மில் டோக்கனில் 1843 என்ற ஆண்டும், கம்பெனி பெயரும் உண்டு. கூலியாக அதை வாங்கிய கை தமிழ்க் கையா, சிங்களக் கையா, ஆணா, பெண்ணா? டோக்கன் சொல்லாது, பட்டியலும் கேட்பதில்லை.

28 சக்கரம் கொடுத்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ராஜா காசுக்கு ஆள் அடையாளம் வேண்டாம். டோக்கன் அப்படியல்ல, கொடுத்தவனிடமே திரும்பணும். அது இரண்டு பேருக்கு இடையிலான கடன். ஒருவர் பெயரை மட்டும் எழுதினால், வரவு இல்லாத பற்றுக் கணக்குதான்.

1956-இல் எல்லை பிரிந்தபோது கேரளத்தோடு நின்ற பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இது: பழைய டோக்கன் கையில் கிடைத்தால் விலையைக் கேட்காதீர்கள். யார் வாங்கியது, என்ன வேலைக்கு, எங்கே மாற்றியதுன்னு வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அந்தத் தாள் இல்லாத டோக்கன் வெறும் தகரம்.