சுமங்கலி என்றொரு சம்பளப் பெயர்

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்குப் போய்க்கொண்டிருந்த என் சித்தி மகளிடம் ஒருமுறை, "சம்பளம் எவ்வளவுடி?" என்று கேட்டேன். "கல்யாணத்துக்குச் சேருதுக்கா" என்றாள். நான் கேட்டது கூலியை. அவளுக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியவில்லை. அப்படிப் பார்க்க அவளைப் பழக்கிய சொல்லைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

1990களின் இறுதியிலிருந்து திண்டுக்கல், கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரப் பஞ்சாலைகளில் பரவியது 'சுமங்கலித் திட்டம்'. பதின்வயதுப் பெண்கள் மூன்றாண்டுகள் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்வார்கள். ஆனால் பெயர் 'பயிற்சியாளர்'. கையில் கிடைப்பது சொற்பம். முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய்வரை மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. நோய்வந்து இடையில் நின்றால் அதுவும் பெரும்பாலும் போனதுதான்.

பிடித்துவைத்த கூலிக்கு மாங்கல்யத்தின் பெயரைச் சூட்டியதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. 1961இலேயே சட்டம் தடைசெய்த வரதட்சணையைப் பெண்ணே உழைத்துச் சேர்ப்பது பெருமையாகிவிட்டது. கூலி குறைவென்று கேட்டால் அது உரிமை. கல்யாணப் பணம் குறைவென்று கேட்டாலோ நன்றிகெட்டதனம். கணவன் உயிரோடிருப்பவளே சுமங்கலி. தன் உழைப்பின் மதிப்பும் இன்னும் வராத ஒருவன் கையில் இருப்பதாக அந்தப் பெண் நம்பத் தொடங்குகிறாள்.

நம் பெண்ணிய எழுத்தும் இவர்களைக் கொத்தடிமைகள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ராத்திரி ஷிப்டில், ஓடும் இயந்திரத்தில் அறுந்த இழையை நொடியில் சேர்க்கும் கை என் தங்கையுடையது. அந்தத் திறமையை ஆலையும் சொல்லவில்லை, நானும் இதுவரை எழுதியதில்லை.

இங்கே ஒரு மாற்றம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலிருந்து வந்தது, அதுவும் ஒரு சாவுக்குப் பிறகு. 2021 ஜனவரியில் இளம் தலித் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளரின் பாலியல் தொந்தரவுக்கு அவர் ஆளாகியிருந்ததாகக் குடும்பமும் சங்கமும் கூறின. 2022 ஏப்ரலில், தலித் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் அந்நிறுவனத்தோடும் எச் அண்ட் எம்மோடும் செய்துகொண்டதே 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. தையல் தளத்துப் பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது எழுத்தில் வந்தது. அந்தக் காகிதத்தில் அவர்கள் யாருடைய வருங்கால மனைவியும் அல்ல, தொழிலாளிகள்.

சித்தி மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மறுபடியும் ஆலைக்குப் போகிறாள். பொங்கலுக்கு வந்தவளிடம் அதே கேள்வியைக் கேட்டேன். தொகையைச் சொல்லிவிட்டு, "இன்னும் தரவேண்டியது இருக்குக்கா" என்றாள்.