காத்தான் கூத்தின் கட்டுக்கோப்பு
விசுவமடுவை முன்வைத்து ஒரு மதிப்பீடு

நாடகத்தின் சிறப்பு அதன் ஒருமைப்பாட்டிலே தங்கியுள்ளது என்பது நம் மாணவர் இளமையிலேயே கற்கும் பாடமாகும். ஒரு நிகழ்ச்சி மற்றொன்றைப் பிறப்பிக்க, யாவும் ஒரே முடிவை நோக்கி விரைய வேண்டும் என்பர். காரணத் தொடர்பின்றி நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் கதையமைப்பே எல்லாவற்றுள்ளும் இழிந்தது என்று அரிஸ்டோட்டில் தம் கவிதையியலிற் கூறிப்போந்தார். இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு ஈழத்து வடபுலத்தின் காத்தவராயன் கூத்தை அளக்கப் புகுந்தோர் பலரும், அது கட்டுக்கோப்பற்ற கதைக்குவியல் என்றும், சுருக்கித் திருத்தினாலன்றிக் கற்றோர் அவைக்கு ஏலாது என்றும் முடிவு கூறினர். அம்முடிவு பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு வன்னிப் பெருநிலத்து விசுவமடுவை நிலைக்களனாகக் கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கிளிநொச்சி மாவட்டமும் முல்லைத்தீவு மாவட்டமும் கூடும் எல்லையை அடுத்து அமைந்தது இவ்வூர். இளைஞர் குடியேற்றத் திட்டத்தின்கீழ் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளைகள் காடு வெட்டிக் குடியேறி, மிளகாயும் வெங்காயமும் விளைவித்து, 1970களில் செழிப்புற்ற மண் இது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தை விட்டு வெளியேறிய மக்களும் வன்னியின் இப்பகுதிகளிலே தஞ்சம் புகுந்தனர். வன்னியின் பழங்குடிகளோ கிழக்கே வற்றாப்பளைக் கண்ணகி அம்மனைத் தொழுது வாழ்ந்தவர்கள். ஆகவே மூவகைக் கூத்து மரபுகள் இந்நிலப்பரப்பிலே ஒன்றையொன்று எதிர்ப்பட்டன. முல்லைத்தீவுப் பகுதிக்குரிய கோவலன் கூத்து ஒன்று. யாழ்ப்பாணத்தார் கொணர்ந்த காத்தவராயன் கூத்து மற்றொன்று. மலையகத்தார் மாசி மாதத்திற் கம்பம் நட்டு ஆடும் காமன் கூத்து மூன்றாவது. ஒரு கூத்தைத் தனியே நோக்கும்போது புலப்படாத பண்புகள், மூன்றையும் அருகருகே நிறுத்தும்போது புலனாகும்.

முதற்கண் காத்தான் கூத்தின் அமைப்பை நோக்குவாம். முத்துமாரியின் மகனாகிய காத்தவராயன், ஆரியமாலை என்னும் உயர்குலப் பெண்மீது காதல் கொள்கிறான். அவளை நாடினால் கழுவேற நேருமென்று தாய் தடுக்கிறாள். மகன் கேளான். தாய் ஒன்றன்பின் ஒன்றாக அரிய செயல்களை விதிக்கிறாள். அவன் வேடம் மாறியும், மாயம் புரிந்தும், தொட்டியத்துச் சின்னான் போன்றோரின் துணையுடன் அவற்றை முடிக்கிறான். வளையல் விற்பவனாய் வருவதும், வண்ணார நல்லியிடம் செல்வதும் இத்தகைய துணைக்கதைகளே. ஈற்றில் கழுமரம் வருகிறது. அதன்வழி அவன் மாரியின் காவற்றெய்வமாகிறான். தமிழகத்திலும் இக்கதை பாடலாக வழங்கியது, பேராசிரியர் நா. வானமாமலை அக்கதைப்பாடலைப் பதிப்பித்துள்ளார். 1941இல் ‘ஆரியமாலா’ என்றும், 1958இல் ‘காத்தவராயன்’ என்றும் திரைப்படமாகவும் அது வந்தது.

இத்துணைக்கதைகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சிக்கலும், தனக்கென ஒரு தீர்வும், தனக்குரிய சுவையும் உடைய சிறு நாடகமே. ஒன்றில் நகை மிகும். ஒன்றில் அச்சம் மிகும். ஒன்றில் தாயின் அவலம் மேலோங்கும். ஒன்றை நீக்கினும் அடுத்தது நின்றுவிடாது. இவ்வியல்பையே திறனாய்வாளர் குறையெனக் கண்டனர். ஆனால் விடிய விடிய ஆடப்படும் இக்கூத்திற்குத் தனியானதொரு கட்டு இருக்கிறது. கழுமரம் காத்திருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே அவையோர் அறிவர், காத்தானும் அறிவான். ‘அடுத்து என்ன நிகழும்?’ என்னும் வினா இங்கு எழுவதில்லை. ‘முடிவை அறிந்தும் இவன் ஏன் செல்கிறான்?’ என்பதே வினா. ஒவ்வொரு சிறு நாடகமும் அவ்வொரே வினாவிற்கு வெவ்வேறு விடை தருகின்றது. குறும்பினாற் செல்கிறான்; காதலாற் செல்கிறான்; தாயை வெல்லும் பிடிவாதத்தாற் செல்கிறான்; இறுதியில், விதித்ததைத் தானே ஏற்றுக்கொள்ளும் துணிவினாற் செல்கிறான். நிகழ்ச்சிகளிடையே காரணத் தொடர்பு குறைவாயினும், பொருட்டொடர்பு அறாதிருக்கின்றது. அத்தொடர்பைச் செவிக்கு உணர்த்துவது சிந்து நடைப் பாட்டு. சுவை மாறினும் மெட்டின் நடை மாறாது. பிற்பாட்டுக்காரரின் குரல் ஒரு காட்சியை மற்றொன்றோடு பிணைக்கும்.

இன்னொரு வழக்கமும் ஈண்டுக் கருதத்தக்கது. காத்தவராயன் வேடத்தை ஒருவரே இரவு முழுதும் தாங்குவதில்லை. முதற் காத்தான், நடுக் காத்தான், கடைசிக் காத்தான் என்றவாறு பலர் பங்கிட்டு ஆடுவர். ஒரு பாத்திரத்திற்குப் பல முகங்கள் என்பது, இயற்பண்பு நாடகத்திற் பழகிய கண்களுக்கு விசித்திரமாகத் தோன்றும். நகரத்து அரங்கில் இதனை ஓர் இயக்குநர் இன்று செய்வாராயின் புதுமை எனப் போற்றுவோம். கிராமத்து அண்ணாவியார் செய்யும்போது ஆள் வலுவின்மையால் வந்த வழக்கம் என்கிறோம். பகல் முழுதும் தோட்டத்தில் நீரிறைத்தவன் விடியும்வரை பாடி ஆடுதல் அரிது என்பது உண்மையே. ஆயினும் தேவையிற் பிறந்த வழக்கமொன்று கலைப்பயன் அளித்தல் கூடாதென்று யார் விதித்தார்? சிறுவன் காத்தானாக வந்தவன் விலகி, வேறு உடலும் வேறு குரலும் கொண்டவன் காத்தானாக வரும்போது, ஒரு தனிமனிதனின் வாழ்வு ஊர்ப் பிள்ளைகள் அனைவரின் வாழ்வாக விரிகின்றது. கழுமரத்தடியில் நிற்பவனை, அவையிலிருக்கும் தாயொருத்தி தன் மகனென்று எண்ணுதல் இதனால் எளிதாகின்றது.

சிறு நாடகங்களை ஓரிரவிற்குள் தொடுத்துக் காட்டும் முறை உலகிற்குப் புதிதன்று. யப்பானியரின் நோ அரங்கில், தெய்வம், வீரன், பெண், பித்து முதலிய பல்பொருள், அரக்கன் என ஐவகை நாடகங்களை ஒருநாள் நிகழ்ச்சியாக நிரல்படுத்துவதும், அவற்றின் இடையிடையே கியோகென் என்னும் நகை நாடகங்களை வைப்பதும் மரபாயிருந்தன. ஆஸ்திரிய நாடகாசிரியர் ஆர்தர் ஷ்னிட்ஸ்லர், 1920இல் பெர்லினில் மேடையேறிய தம் நாடகத்திற் பத்து உரையாடல்களை வளையமாகக் கோத்தார். ஒரு காட்சியில் வந்த இருவருள் ஒருவர் அடுத்த காட்சிக்குச் செல்வார். பெர்தோல்ட் பிரெஃக்ட், இட்லரின் ஆட்சியிற் சாதாரண மக்கள் அடைந்த அச்சத்தைத் தனித்தனிச் சிறு காட்சிகளாலேயே காட்டினார். அது 1938இல் பாரிஸில் நடிக்கப்பட்டது. அச்சம் எல்லா வீடுகளிலும் புகுந்திருப்பதைக் காட்ட ஒரு வீட்டின் கதை போதாது என்பது அவ்வமைப்பால் விளங்கும். ஆகவே தொடர்சிறு நாடக முறையை அறியாமையின் விளைவென ஒதுக்குதல் முறையன்று.

இனி, குறைகளையும் மறையாது கூறல் வேண்டும். நகைக்காட்சிகளில், தொழில்புரியும் சாதியினரின் பேச்சையும் நடையையும் எள்ளி நகையாடும் பழக்கம் வேரூன்றியுள்ளது. இரட்டுறப் பேசுவதும் அளவு கடக்கிறது. சாதி வரம்பை மீறிய காதலுக்காக ஒருவன் கழுவேறும் கதையிலே, சாதியின் பெயரால் எழும் சிரிப்பை விலை கொடுத்து வாங்குவது பெரும் முரணாகும். சிரித்த அவை, விடியற் காலையிற் கழுமரத்தின்முன் கண்ணீர் விடுகின்றது. தான் முன்னிரவிற் சிரித்த சிரிப்பும் அக்கழுவை நாட்டிய கைகளுள் ஒன்று என்பதை அது உணர்வதில்லை. காத்தானைத் தெய்வப் பிறப்பினன் என்றும், யாவும் முற்பிறப்புச் சாபத்தின் விளைவென்றும் கூறும் பகுதிகளும், மானிடர் இழைத்த கொடுமையை ஊழின்மேல் ஏற்றி ஆறுதல் தேடுகின்றன. இக்குறைகள் கதையின் கட்டுக்கோப்பிலிருந்து வந்தவையல்ல. ஆடுவோரும் காண்போரும் கொண்டுள்ள மனநிலையிலிருந்து வந்தவை. நகைக்காட்சியை வெட்டி எறிவதால் அவை தீரா. எள்ளப்படுபவள் நல்லியாக இராது, குலப்பெருமை பேசுவோராக இருக்குமாறு அதே காட்சியை ஆடுதல் இயலும். கூத்துக் கொப்பியிலுள்ள பாட்டு மாற வேண்டியதில்லை. நகையின் திசை மாறினாற் போதும்.

சுருக்கம் பற்றிய வினாவும் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துகளைச் செம்மைப்படுத்தி, பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு 1962இல் கர்ணன் போரையும், 1964இல் இராவணேசனையும் மேடையேற்றினார். விடியும்வரை ஆடியது சில நாழிகைக்குள் அடங்கிற்று. கற்றோர் கூத்தை மதிக்கத் தொடங்கினர். அத்தொண்டினை எவரும் குறைத்துரைத்தல் இயலாது. ஆயின் கர்ணனும் இராவணனும் ஒரு போரை நோக்கி நடக்கும் ஒற்றைத் தலைவர்கள். அக்கதைகளின் கிளைகளைக் கழித்தால் நடுமரம் எஞ்சும். காத்தான் கதையிலோ கிளைகளே மரம். அவற்றைக் கழித்து, ஒரே நடிகனைத் தலைவனாக்கி, காதலும் கழுவும் மட்டும் எஞ்சுமாறு செய்தால், கிடைப்பது திரைப்படக் கதையின் நிழலே. சுருக்கியே ஆகவேண்டுமெனில், எல்லாக் காட்சிகளிலும் சிறிது சிறிதாகக் குறைப்பதினும், மூன்று அல்லது நான்கு சிறு நாடகங்களைத் தேர்ந்து அவற்றை முழுமையாக ஆடுதலே தக்கது. காத்தான் முகம் மாறும் வழக்கத்தையும் கைவிடலாகாது.

இனி மூன்று கூத்துகளையும் ஒருசேர நோக்குவாம். மூன்றும் ஒரு தண்டனையை நடுவாகக் கொண்டவை. கோவலன் செய்யாத குற்றத்திற்காக, ஆராயாத அரசனின் ஆணையால் வெட்டுண்கிறான்; தனக்கு நேரவிருப்பதை அவன் அறியான். காமன் தேவர்களின் ஏவலால், இரதி தடுத்தும் கேளாது, சிவன்மீது கணை தொடுத்து எரிகிறான். பிறர் காரியத்திற்காகத் தன்னுயிரை இழக்கிறான். காத்தானோ முடிவை அறிந்தே, தன் விருப்பத்திற்காகக் கழுமரத்தை நாடுகிறான். அறியாது மாண்டவன், ஏவப்பட்டு மாண்டவன், தானே தெரிந்து சென்றவன் என மூவகை. மூவர் பின்னும் பெண்ணின் குரல் எழுகின்றது. கண்ணகி நீதி கேட்டு நகரை எரிக்கிறாள்; வற்றாப்பளையில் வந்து தணிந்தாள் என்பது வன்னியாரின் நம்பிக்கை. இரதி புலம்பிக் கணவனை மீளப் பெறுகிறாள். மாரியோ தடுத்தவளும் தானே, அழுபவளும் தானே என்னும் நிலையில் நிற்கிறாள்.

இவ்வொப்புமை வெறும் ஏட்டாராய்ச்சிக்குரியதன்று. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விசுவமடுவின் மக்கள் ஊரைவிட்டுக் கிழக்கு நோக்கிச் சென்றனர். பின் மீள்குடியேறியோர் எண்ணிப்பார்க்கும்போது பல வீடுகளில் ஆளில்லாத இடம் இருந்தது. அறியாது மாண்டோரும், ஏவப்பட்டு மாண்டோரும், தெரிந்து சென்றோரும் அவ்வூரிலே உள்ளனர். அவர்களைப்பற்றி ஒரே கதையாகச் சொல்ல முயல்வோர் எவரும் ஏதோ ஒரு பகுதியாரை விட்டுவிடுகின்றனர். பல சிறு கதைகளைத் தனித்தனி நிற்கவிட்டு, ஒரே துயரத்தால் தொடுக்கும் அமைப்பே இத்தகைய ஊருக்கு நேர்மையான அமைப்பாகும். அவ்வமைப்பை ஐரோப்பாவிலிருந்து இரவல் பெற வேண்டியதில்லை. அது மாரியம்மன் கோயில் வீதியிலே நெடுங்காலமாக ஆடப்பட்டு வருவது.

எனவே, வன்னிப் பாடசாலைகளும் கலைமன்றங்களும் ஒரு முயற்சியை மேற்கொள்ளலாம். கோவலன் கூத்திலிருந்து கொலைக்களக் காட்சி, காமன் கூத்திலிருந்து இரதி தடுக்கும் காட்சி, காத்தான் கூத்திலிருந்து தாயும் மகனும் வாதாடும் காட்சி ஆகிய மூன்றினையும், அவ்வம் மரபின் அண்ணாவிமாரிடம் முறையாகப் பயின்று, ஒரே மாலையில் ஆடுதல் வேண்டும். இசையைக் கலத்தலாகாது, ஒவ்வொன்றும் தன் மெட்டோடும் தன் தாளத்தோடும் நிற்கட்டும். மலையகப் பிள்ளை காத்தானாகவும், யாழ்ப்பாணத்தார் வழிவந்த பிள்ளை காமனாகவும், வன்னிப் பிள்ளை இரதியாகவும் ஆடுமாறு பாத்திரங்களை மட்டும் மாற்றிப் பங்கிடலாம். ஒரு சாரார் மற்றொரு சாராரின் கூத்தைக் காண்பதோடு அமையாது, அதனைத் தம் உடலாற் கற்றுக்கொள்ளும்போதே மூன்று மரபுகளும் ஓர் ஊரின் மரபாகும். அண்ணாவிமார் முதுமை எய்திவருகின்றனர். கூத்துக் கொப்பிகளுட் பல போரிலே அழிந்தன. நாடகத்தைப் பாடமாகப் பயிலும் நம் மாணவர் விடுமுறை நாள்களில் இப்பணியைத் தொடங்குவாராயின், ஏட்டிற் கற்ற ஒருமைப்பாட்டு இலக்கணம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் அவர்களே கண்டுகொள்வர்.