கோட்டை பேண்டும் கல்யாண பேண்டும்

மீஞ்சூர் கடைத்தெருவில் கல்யாண ஊர்வலத்துக்கு பேண்டு செட் வந்தால் நின்று கேட்காமல் நகர மாட்டேன். அதனால்தானோ என்னவோ, கானா நாட்டு ஹைலைஃப் இசையை முதன்முதலாகக் கேட்டபோது டிரம்பெட் அந்நியமாகவே படவில்லை.

1870களில் கானாவின் கேப் கோஸ்ட் கோட்டையில் மேற்கிந்தியத் தீவுப் படைவீரர்கள் ராணுவ பேண்டு வாசித்தார்கள். ஓய்வில் தங்கள் தீவுப் பாட்டுகளையும் ஊதினார்கள். கேட்ட உள்ளூர் ஃபான்டி கலைஞர்கள் அதே பித்தளைக் கருவிகளில் தங்கள் தாளத்தை ஏற்ற, 'அடாஹா' என்ற இசை பிறந்தது. ஹைலைஃபின் வேர்களில் அது ஒன்று. 1950களில் இ.டி. மென்சாவின் டெம்போஸ் குழு ஹைலைஃபை மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பியது.

கோட்டை பேண்டு உள்ளூர் இசைக்குள் வருவது நம் பக்கம் இன்னும் முன்பே நடந்தது. மீஞ்சூருக்குத் தெற்கே இருக்கிற மணலியின் முதலியார் குடும்பம் ஆதரித்த முத்துசாமி தீட்சிதர், சென்னை ஜார்ஜ் கோட்டை பேண்டின் மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டு ஸ்வரங்கள். அவற்றில் 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு!

தீட்சிதர் மெட்டை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றினார். கானாக்காரர்கள் நடையையே மாற்றினார்கள். எங்கள் ஊர் பேண்டுக்காரர்கள் இந்த இரண்டாம் வகை: மாப்பிள்ளையின் தோழர்கள் ஆட ஆரம்பித்ததும் மார்ச் நடை குத்து நடையாகிவிடும். அந்தத் திருப்பம்தான் எனக்கு உயிர்.