சும்மா இருப்பதன் கணக்கு

புது யோசனை வேண்டுமென்றால் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள் என்று சொல்பவர்கள் தவறாமல் அழைத்துவரும் சாட்சி, பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவான்காரே. 1880-இல் கான் நகரில் ஆசிரியராக இருந்தவர், நிலவியல் பயணம் ஒன்றில் கூத்தான்ஸ் என்ற ஊருக்குப் போனார். அங்கே குதிரை வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில், கணக்கின் நினைப்பே இல்லாதபோது, விடை வந்து விழுந்தது. தான் கையாண்ட உருமாற்றங்களும் யூக்ளிட் சாராத வடிவியலின் உருமாற்றங்களும் ஒன்றே! 1908-இல் பாரிசில் ஆற்றிய உரையில் அவரே இதை விவரித்தார்.

அந்த உரையின் மறுபாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதற்கு முன் பதினைந்து நாள், தினமும் மேசையில் உட்கார்ந்து முட்டிமோதியிருக்கிறார். ஒருநாள் இரவு கடுங்காப்பி குடித்துத் தூக்கம் கெட்டதுதான் முதல் திறப்பைத் தந்தது. அது ஓய்வுக்கு நேர் எதிரானது. பயணம் முடிந்து திரும்பியதும் விடையைச் சரிபார்த்தார். முன்னும் பின்னும் உழைப்பு இல்லாவிட்டால் மனத்தின் மறைவான வேலை பலிக்காது என்பதும் அவர் சொன்னதுதான்.

பாம்பு தன் வாலையே கவ்வும் கனவில் பென்சீனின் வடிவத்தைக் கண்டதாக வேதியியலாளர் கெக்குலே சொன்ன கதை இன்னும் பலவீனமானது. கட்டுரை வெளியானது 1865-இல். கனவை அவர் பொதுவில் சொன்னது 1890-இல், பாராட்டு விழா மேடையில். இருபத்தைந்து ஆண்டுகளில் நினைவு எவ்வளவு மெருகேறியிருக்கும்? தவிர, வண்டியேறியும் எதுவும் தோன்றாதவர்கள் உரை நிகழ்த்துவதில்லையே.

அதற்காக ஓய்வின் பலனே வெறும் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2009-இல் சியோ, ஆர்மரட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 117 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிக்கலை இடையில் விட்டுவிட்டுத் திரும்புவது உண்மையிலேயே உதவியது. முன்தயாரிப்பு நீண்டிருந்தால் பலனும் கூடியது. சொற்புதிர் போன்றவற்றில், முழு ஓய்வைவிட மனத்துக்குப் பாரமில்லாத சிறு வேலையே அதிகம் கைகொடுத்தது. பாத்திரம் துலக்குகிறவர், கண்ணை மூடிச் சாய்ந்திருப்பவரை முந்தக்கூடும்.

தனியே சும்மா இருப்பதும் எல்லாருக்கும் இனிப்பதில்லை. 2014-இல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வொன்றில், 42 பேரைத் தனித்தனியே வெற்று அறையில் 15 நிமிடம் விட்டார்கள். செய்வதற்கு இருந்தது, தனக்கே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ளும் ஒரு பொத்தான் மட்டும். 18 பேர் அதை அழுத்தினார்கள். இன்று நம் கையில் கைபேசி இருக்கிறது. அதைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதை ஓய்வு என்கிறோம். அலையவிட வேண்டிய மனத்துக்கு அது ஓயாமல் தீனி போடுகிறது.

ஆகவே, அமைதி நேரம் நல்ல இரண்டாம் கட்டம். அதையே முதல் கட்டமாக விற்பது ஏமாற்று. ஊழியர்களுக்கு ஓய்வறையும் தியான வகுப்பும் ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள், ஒரு வேலையில் முழுதாக மூழ்கும் அளவுக்கு அவர்களை இடையூறில்லாமல் விட்டுவைப்பதை முதலில் செய்யட்டும்.