காலிலிருந்து ஒரு குழாய்

மாற்றுச் சிறுநீரகத்தைப் பழைய சிறுநீரகம் இருந்த இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றின் ஓரத்தில் வைத்து, காலுக்குப் போகும் தமனியோடு தைப்பதுதான் வழக்கம். அபூர்வமாக அந்தத் தையலில் கேண்டிடா பூஞ்சையோ பாக்டீரியாவோ குடியேறிவிடும். தமனியின் சுவர் நைந்து புடைக்கும். வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

நல்ல திசு தெரியும்வரை நைந்ததை வெட்டியெடுக்க வேண்டும். பல நேரம் சிறுநீரகமும் கூடவே போய்விடும். இடைவெளியில் டாக்ரான் குழாயை வைக்கலாம்தான். ஆனால் செயற்கை இழையில் கிருமி பற்றிக்கொண்டால் விரட்டுவது பெரும்பாடு. ஆகவே நோயாளியின் காலிலிருந்தே சாஃபனஸ் சிரையை எடுக்கிறார்கள். அதுவோ ஒல்லி, தமனியின் அகலத்துக்கு ஈடாகாது.

இங்கேதான் எனக்குப் பிடித்த வேலை வருகிறது. சிரையை நீளவாக்கில் பிளந்து, உள்ளிருக்கும் வால்வுகளைக் கத்தரித்து, பட்டையான அதைப் பருத்த குழாய் ஒன்றின்மேல் சாய்வாகச் சுற்றி, விளிம்போடு விளிம்பை மெல்லிய பாலிப்ரொப்பிலீன் நூலால் தைத்து, குழாயை உருவிவிடுகிறார்கள். ஒல்லிச் சிரை அகலமான நாளமாகிவிடுகிறது! தேர்ந்த தையற்காரர் துண்டுத்துணியில் ரவிக்கை தேற்றும் சாமர்த்தியம் இது.

ரத்தநாளங்களைத் தைக்கும் கலைக்கு முன்னோடி அலெக்சிஸ் காரல். பிரான்சின் லியோன் நகரில் பூத்தையல் கலைஞர் ஒருவரிடம் ஊசி பிடிக்கப் பழகியவர். நாளத்தின் வட்ட வாயை மூன்று நூல்களால் இழுத்து முக்கோணமாக்கினால், நேர்க்கோட்டில் தைத்துவிடலாம் என்று 1902-இல் எழுதினார். 1912-இல் நோபல் கிடைத்தது. பரிசைவிட அந்த மூன்று நூல்கள்தாம் எனக்கு வியப்பு.

தைத்து முடித்தபின்னும் கிருமிக்கொல்லி மருந்து வாரக்கணக்கில் தொடரும்.