காயமும் பண்டமும்: ஒரு றப் இசைத்தட்டின் வெற்றி பற்றிச் சில சிந்தனைகள்

கலைப்படைப்பு ஒன்று பெருந்தொகையாக விற்பனையாகும்பொழுது அதனைக் குறித்து இருவகைக் கருத்துக்கள் எழுவது வழக்கம். மக்கள் திரண்டு வாங்கியமையால் அது மக்கள் கலையே என்பர் ஒரு சாரார். சந்தையிற் பெற்ற வெற்றியே அதன் தரக்குறைவுக்குச் சான்று என்பர் மறுசாரார். முரண்பட்டனவாகத் தோன்றினும் இவ்விரு சாராரும் ஒரே தவறினையே இழைக்கின்றனர். விற்பனைத் தொகையை அளவுகோலாகக் கொள்ளும் இவர்கள், அத்தொகை எவ்வாறு உருவாயிற்று என்னும் வினாவை எழுப்புவதில்லை. அவ்வினாவை ஆராய்வதற்கு, அமெரிக்க றப் கலைஞர் ஃபிஃப்டி சென்ற் 2003ஆம் ஆண்டில் பெருநிறுவனமொன்றின் வழியாக வெளியிட்ட முதலாவது இசைத்தட்டு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 'கெற் றிச் ஓர் டை ட்ரையின்' என்பது அதன் பெயர். செல்வனாகு, அன்றேல் அம்முயற்சியிலேயே மடி என்பது அதன் பொருள்.

றப் இசை 1970களில் நியூயோர்க் நகரின் பிறொங்ஸ் பகுதியிலே, வறிய கறுப்பின, கரிபிய, லத்தீன் அமெரிக்க இளைஞரின் கொண்டாட்டங்களில் உருப்பெற்றது. பழைய இசைத்தட்டுக்களையே கருவியாக்கி, தாளத்தின் மீது சொல்லை அடுக்கிய கலை அது. மூன்று தசாப்தங்களுள் அது மாபெருந் தொழிற்றுறையாயிற்று. இவ்விரு நிலைகளும் சந்திக்கும் இடத்திலேதான் நமது கலைஞர் நிற்கிறார்.

கேர்ட்டிஸ் ஜாக்சன் என்னும் இயற்பெயருடைய இவர் 1975இல் பிறந்து, அந்நகரின் குயீன்ஸ் பகுதியில் வளர்ந்தவர். போதைப்பொருள் விற்ற தாய், மகனுக்கு எட்டு வயதாயிருந்தபோது இறந்தார். பாட்டன் பாட்டியிடம் வளர்ந்த சிறுவனும் அதே வியாபாரத்தில் இறங்கினான். பின்னர், 'றண் டிஎம்சி' குழுவின் ஜாம் மாஸ்ரர் ஜே அவருக்குப் பாடலமைப்பைக் கற்பித்தார். கொலம்பியா நிறுவனம் அவரை ஒப்பந்தஞ் செய்தது. 'பவர் ஒஃப் த டொலர்' என்ற இசைத்தட்டு 2000ஆம் ஆண்டில் வெளிவரவிருந்தது. அவ்வாண்டு மே மாதம் 24ஆந் திகதி, பாட்டியின் வீட்டின் முன்னால் அவர்மீது ஒன்பது குண்டுகள் பாய்ந்தன. அவர் உயிர் தப்பினார். ஆயின் நிறுவனம் இசைத்தட்டை வெளியிடாது அவரைக் கைவிட்டது.

இந்நிகழ்ச்சி இவ்வாய்வுக்கு மையமானது. அன்று நிறுவனத்தின் கணக்கில் அவரது காயம் ஒரு நட்டம். மூன்றாண்டுகளுள் அதே காயம் இன்னொரு நிறுவனத்தின் கணக்கில் மூலதனமாயிற்று. காயம் மாறவில்லை, அதன் விலையே மாறிற்று.

இம்மாற்றத்தின் முதற்கட்டம் தெருவிலேதான் நிகழ்ந்தது. நிறுவனக் கதவுகள் மூடுண்ட நிலையில், ஜாக்சனும் நண்பர்களும் பிறரது பிரபல மெட்டுக்களின் மீது தம் சொற்களைப் பதித்து, முறைசாராத் தொகுப்புக்களாகப் பரப்பினர். அங்கு அவருக்கெனக் கேட்போர் கூட்டமொன்று உருவாயிற்று. 2002இல் எமினெமும் டொக்டர் ட்றேயும் அவரைப் பத்து இலட்சம் டொலருக்கு ஒப்பந்தஞ் செய்தபோது, அந்நிறுவனங்கள் ஒரு கலைஞனை மாத்திரமன்றி, தெருவிலே செலவின்றித் திரட்டப்பட்டிருந்த ஒரு சந்தையையும் சேர்த்தே வாங்கின எனலாம்.

தயாரிப்பு முறையும் கவனத்திற்குரியது. இசைத்தட்டின் தலையாய பாடலான 'இன் த கிளப்'பின் மெட்டினை ட்றேயும் மைக் எலிசொண்டோவும் முன்னரே அமைத்திருந்தனர். அது முதலில் டி12 குழுவினருக்கு வழங்கப்பட்டுப் பயன்படாது போனது. பின்னரே ஜாக்சனிடம் வந்தது. மெட்டு ஓரிடத்தில் உருவாகிக் குரலுக்காகக் காத்திருக்கும் இவ்வேலைப் பிரிவினை ஆலை உற்பத்தியை நினைவூட்டுகிறது.

2003 பெப்ரவரி 6ஆந் திகதி, களவுப் பிரதிகளுக்கு அஞ்சி, குறித்த நாளுக்கு முன்னதாகவே இசைத்தட்டு வெளியிடப்பட்டது. முழுமையடையாத அம்முதல் வாரத்திலேயே 8,72,000 பிரதிகள் விற்பனையாயின. அவ்வாண்டில் அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையான இசைத்தட்டும் அதுவே. 'இன் த கிளப்' ஒன்பது வாரங்கள் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. இசைத்தட்டின் அட்டையிலே, குண்டு துளைத்த கண்ணாடியின் பின்னால், திறந்த மார்புடன் கலைஞர் நிற்கிறார். வாங்குவோன் எதற்கு விலை கொடுக்கிறான் என்பதை அட்டையே அறிவித்துவிடுகிறது.

இவ்வளவிற் படைப்பினை வெறும் வணிகச் சூழ்ச்சியென ஒதுக்கிவிடலாமா? அது திறனாய்வாகாது. கன்னத்திற் பாய்ந்த குண்டு ஜாக்சனின் உச்சரிப்பையே மாற்றியிருந்தது. சற்றே குழறி, அவசரமின்றி வரும் அக்குரல் அச்சுறுத்தலையும் இன்னிசையையும் ஒருங்கே தாங்குகிறது. இஃது எந்த விளம்பரத்தாலும் ஆக்கப்படாத கலைப்பண்பு. 'மெனி மென்' என்ற பாடலிலே, தன் மரணத்தை விரும்புவோர் நடுவே வாழும் மனிதனின் அச்சமும் இறைஞ்சுதலும் மந்த கதியில் வெளிப்படுகின்றன. அங்கே காயம் இன்னும் வலிக்கிறது. 'இன் த கிளப்'பிலோ வலி அகற்றப்பட்டு, உயிர் தப்பியவனின் பெருமிதம் மட்டுமே கொண்டாட்டத்துக்குரிய பண்டமாக எஞ்சுகிறது. சந்தை இவ்விரண்டையும் ஒரே உறையில் விற்றது. முதலிடத்தை இரண்டாவதற்கே அளித்தது.

ஓர் ஒப்பீடு இதனைத் தெளிவாக்கும். அதே குயீன்ஸ் பகுதியிலிருந்து நாஸ் 1994இல் வெளியிட்ட 'இல்மற்றிக்' என்ற முதல் இசைத்தட்டு, திறனாய்வாளரின் பாராட்டைப் பெற்றும், பத்து இலட்சம் என்ற சான்றிதழ் எல்லையை 2001இலேயே எட்டியது. நாஸ் தெருவின் சாட்சியாக நின்று பேசுகிறார். ஜாக்சனோ அதிலிருந்து வென்று மீண்டவராகப் பேசுகிறார். சாட்சி, கேட்போனைத் தெருவின் நடுவே நிறுத்திவிடுகிறான். வென்றவன், அத்தெரு தனியொருவனின் துணிவாற் கடக்கக்கூடியது என்ற ஆறுதலை வழங்குகிறான். அத்தெரு ஏன் அவ்வாறுள்ளது என்ற வினா அவ்வாறுதலில் மறைந்துவிடுகிறது. விற்பனையின் வேகத்துக்கு இவ்வாறுதலும் ஒரு காரணம் என்பதே என் துணிபு.

ஆகவே விற்பனைத் தொகை மக்களின் தீர்ப்புமன்று, கலையின் வீழ்ச்சிக்குச் சான்றுமன்று. அது உற்பத்தியாளரும் வணிகரும் கேட்போரும் கொண்ட உறவின் விளைவு. திறனாய்வாளனின் பணி இரண்டு. அவ்விலை எவ்வாறு நிர்ணயிக்கப்பட்டது என்பதை வெளிப்படுத்தல் ஒன்று. அவ்விலைக்குள் அடங்காது இன்னும் வலிக்கும் குரலைச் செவிமடுத்தல் மற்றொன்று. முதலாவதை மட்டுஞ் செய்வோன் கணக்காளனாகிறான். இரண்டாவதை மட்டுஞ் செய்வோன் இரசிகனாகிறான். இரண்டையும் ஒருங்கே செய்தலே திறனாய்வு.